நியூட்ரான் கூடினால் கரு உறுதியாகத்தானே ஆகவேண்டும்? கார்பன்-14 ஏன் சிதைகிறது?

தண்டையார்பேட்டையிலிருந்து பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. அது யாரையும் தள்ளாது, கருவைப் பிணைக்கும் வலுவிசையால் ஒட்ட மட்டும் செய்யும். அப்படியானால் நியூட்ரான் சேரச் சேரக் கரு இறுகத்தானே வேண்டும்? கார்பன்-12 அப்படியே இருக்க, இரண்டு நியூட்ரான் கூடுதலாக வைத்திருக்கும் கார்பன்-14 ஏன் சிதைகிறது? புரோட்டானுக்கு நியூட்ரான் விகிதம் 1.5-ஐத் தாண்டினால்தான் சிதையும் என்று கைடில் இருக்கிறது. கார்பன்-14-க்கு 1.33தானே வருகிறது? வீட்டிலேயே ஓர் அரை ஆயுட்காலத்தை (இருக்கும் அணுக்களில் பாதி சிதைய ஆகும் நேரம்) அளந்து பார்க்க வழி இருக்கிறதா?"

கைடில் இருக்கும் அந்த 1.5-ஐ முதலில் அடித்துவிடுங்கள். சாதாரண ஹைட்ரஜனில் நியூட்ரானே இல்லை, விகிதம் 0, அது சிதைவதில்லை. ஹீலியம்-3-க்கு 0.5, நிலையானது. பாதரசம்-204-இல் 80 புரோட்டான், 124 நியூட்ரான், விகிதம் 1.55, அதுவும் நிலையானதுதான். மறுபக்கம் பெரிலியம்-8-ஐப் பாருங்கள். 4 புரோட்டான், 4 நியூட்ரான், விகிதம் கச்சிதமாக 1, இரண்டு பக்கமும் இரட்டைப்படை. ஆனால் அது 10⁻¹⁶ விநாடி அளவுக்குத்தான் தாங்கும், பிறகு இரண்டு ஹீலியம்-4 ஆகப் பிரிந்துவிடும். இரண்டு ஹீலியம் கருக்களின் மொத்த நிறை பெரிலியம்-8-ஐவிட ஒரு துளி குறைவு என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. கால்சியத்துக்கு 1 சரியான விகிதம், ஈயத்துக்கு 1.54 சரி. நடுவில் கோடு கிழித்து இந்தப் பக்கம் நிலையானது, அந்தப் பக்கம் நிலையற்றது என்று சொல்ல எந்த எண்ணும் கிடையாது.

அடுத்தது உங்கள் பசை வாதம். அது நீங்கள் நினைப்பதைவிடவும் சரி. கார்பன்-12-இன் மொத்தப் பிணைப்பாற்றல், அதாவது கருவைத் தனித்தனித் துகளாகப் பிரிக்க வேண்டிய ஆற்றல், 92.16 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (இனி எம்இவி). கார்பன்-14-க்கு 105.28 எம்இவி. இரண்டு நியூட்ரான் கூடியதில் பசையும் கூடத்தான் செய்திருக்கிறது. இன்னும் ஒரு படி போவோம். கார்பன்-14 பீட்டா துகளை (ஓர் எலக்ட்ரான்) விட்டு நைட்ரஜன்-14 ஆகிறது. அந்த நைட்ரஜனின் பிணைப்பாற்றல் 104.66 எம்இவி. அதாவது சிதைந்து வந்த பிள்ளைக் கருவில் பசை 0.63 எம்இவி குறைவு! பசை அதிகமாக இருக்கும் கரு, பசை குறைவான கருவாக மாறுகிறது. பல புத்தகங்கள் இந்த இடத்தைச் சொல்லாமல் தாண்டிப் போய்விடுகின்றன.

கணக்கு எங்கே நேராகிறது என்றால், நியூட்ரானின் எடையில். தனி நியூட்ரானின் நிறை 1.008665 அணு நிறை அலகு. ஹைட்ரஜன் அணுவின் நிறை, அதாவது புரோட்டானும் எலக்ட்ரானும் சேர்ந்து, 1.007825. வித்தியாசத்தை ஆற்றலாக மாற்றினால் 0.78 எம்இவி. ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது இந்த 0.78 வரவு. பசை குறைந்த வகையில் 0.63 செலவு. மிச்சம் 0.156 எம்இவி. கார்பன்-14 உமிழும் பீட்டா துகளின் அதிகபட்ச ஆற்றல் அச்சு அசலாக அந்த 0.156தான்.

ஆகவே சிதைவைக் கணக்கிடும்போது பிணைப்பாற்றலை ஒப்பிடாதீர்கள், அணு நிறையை ஒப்பிடுங்கள். கார்பன்-14: 14.003242. நைட்ரஜன்-14: 14.003074. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 931.5-ஆல் (ஓர் அணு நிறை அலகுக்கு இத்தனை எம்இவி) பெருக்கினால் அதே விடை ஒரே வரியில் வந்துவிடும். கரு நிலையானதா என்ற கேள்விக்கு அந்தக் கருவை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. அதே நிறை எண்ணில் (புரோட்டான், நியூட்ரான் இரண்டின் மொத்த எண்ணிக்கை) பக்கத்து வீடு இதைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும். தாழ்வாக இருந்தால் இறங்கும், இல்லையென்றால் இருந்த இடத்திலேயே இருக்கும்.

தேர்வில் மதிப்பெண் போகும் இடம் ஒன்று இங்கே உண்டு. பீட்டா மைனஸ் சிதைவில் அணு நிறைகளை அப்படியே கழிக்கலாம், எலக்ட்ரான் கணக்கு தானாகச் சரியாகிவிடும். பாசிட்ரான் (நேர் மின்னூட்டமுள்ள எலக்ட்ரான்) வெளியேறும் சிதைவில் அப்படி ஆகாது, இரண்டு எலக்ட்ரான் நிறை, அதாவது 1.022 எம்இவி, தனியாகக் கழிக்க வேண்டும். கார்பன்-11-க்கும் போரான்-11-க்கும் நிறை வித்தியாசம் 1.98 எம்இவி. 1.022 போக மிச்சம் 0.96தான் பாசிட்ரானுக்கு. வித்தியாசமே 1.022-க்குக் கீழே என்றால் பாசிட்ரான் வழி அடைபட்டுவிடும். அப்போது கரு தன் சொந்த எலக்ட்ரான் ஒன்றை உள்ளே இழுத்துக்கொள்வதுதான் ஒரே வழி. பெரிலியம்-7 அப்படிப்பட்டது, வித்தியாசம் 0.86, அரை ஆயுள் 53 நாள். விண்வெளியில் பறக்கும் பெரிலியம்-7 கருவுக்கு எலக்ட்ரான் எல்லாம் உரிந்து போயிருந்தால் இழுக்க ஆளில்லை, அதனால் அது சிதைவதே இல்லை. சுற்றுப்புறம் சிதைவை மாற்றாது என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

சரி, நியூட்ரான்களை அடுக்கிக்கொண்டே போனால் ஏன் வீடு உயர்ந்துகொண்டே போகிறது? காரணம் பௌலி தவிர்ப்பு விதி: ஒரே வகைத் துகள்கள் ஒரே நிலையில் கூட்டமாக இருக்க முடியாது. உங்கள் பகுதி ஹவுசிங் போர்டு பிளாக் ஒன்றை மனதில் வையுங்கள். நடுவில் சுவர், இரண்டு பக்கமும் தனித்தனி மாடிப்படி. ஒரு பக்கம் புரோட்டான் மட்டும், மறுபக்கம் நியூட்ரான் மட்டும். ஒரு வீட்டில் இரண்டே பேர்தான் இருக்கலாம், மூன்றாவது ஆள் வந்தால் மேலே ஏறித்தான் ஆகவேண்டும். இரண்டு பக்கமும் தரைத்தளத்தில் ஒரு வீடு, அதற்கு மேல் இரண்டு வீடு, அதற்குச் சற்று மேலே இன்னொரு வீடு. அதோடு எட்டுப் பேர் முடிந்துவிடும், அடுத்த தளம் நன்றாக உயரத்தில். கார்பன்-12-இல் இரண்டு பக்கமும் ஆறு ஆறு பேர், மட்டமாக நிரம்பியிருக்கிறது. கார்பன்-14-இல் நியூட்ரான் பக்கம் எட்டாவது ஆள் வரை ஏறியாகிவிட்டது. புரோட்டான் பக்கம் அதே மட்டத்தில் ஒரு வீடு காலியாகக் கிடக்கிறது. நியூட்ரான் ஒன்று புரோட்டானாக வேடம் மாற்றிக்கொண்டு அந்தக் காலி வீட்டுக்குப் போவதற்குப் பெயர்தான் பீட்டா சிதைவு.

இது வெறும் உவமை இல்லை, எண்களே காட்டிக்கொடுக்கும். கார்பன்-14-இலிருந்து ஒரு நியூட்ரானைப் பிடுங்க 8.18 எம்இவி வேண்டும். கார்பன்-15-இலிருந்து பிடுங்க 1.22 எம்இவி போதும். எட்டு நிரம்பிய பிறகு ஒன்பதாவது ஆள் மொட்டை மாடியில் பந்தல் போட்டு இருப்பது போல. கார்பன்-15-இன் அரை ஆயுள் 2.45 விநாடி. பசையிலும் ஒரு நுணுக்கம் உண்டு: நியூட்ரானும் புரோட்டானும் மட்டும் சேர்ந்தால் 2.22 எம்இவி-க்கு ஒட்டிக்கொள்ளும், அதுதான் டியூட்ரான். இரண்டு நியூட்ரான்கள் மட்டும் சேர்ந்தால் ஒட்டவே ஒட்டாது. பசை எல்லோருக்கும் ஒன்றுபோல இல்லை, கலந்து இருந்தால்தான் பிடிமானம் அதிகம்.

கரு பெரிதாகும்போது புரோட்டான் பக்கத்துக் கட்டடமே மேலே தூக்கப்படுகிறது. வலுவிசை பக்கத்தில் இருப்பவரை மட்டும் பிடிக்கும். மின்விலக்கு விசையோ கருவின் இந்தக் கோடியில் இருக்கும் புரோட்டான் அந்தக் கோடியில் இருப்பதையும் தள்ளும். இரண்டு பக்கமும் மேல்மட்டம் சமமாக வேண்டுமானால் நியூட்ரான் பக்கம் அதிகத் தளங்கள் நிரம்பியாக வேண்டும். ஈயம்-208-இல் 82-க்கு 126 என்று நிற்பது அதனால்தான்.

இனி ஒரு சூத்திரம், கால்குலேட்டர் போதும். நிறை எண்ணின் 2/3 அடுக்கை 0.015-ஆல் பெருக்கி, அதோடு 1.98 கூட்டுங்கள். வந்ததைக் கொண்டு நிறை எண்ணை வகுங்கள். அந்த நிறை எண்ணுக்கு நிறை மிகக் குறைவான இடம், அதாவது பள்ளத்தின் அடி, எந்த அணு எண்ணில் இருக்கிறது என்று தோராயமாகக் காட்டும். 14-ஐப் போட்டால் 6.8 வரும். 7 நைட்ரஜன். கார்பனின் 6 கொஞ்சம் ஏறிய இடம், கார்பன்-14 எந்தப் பக்கம் சரியும் என்பது அதிலேயே தெரிகிறது.

40-ஐப் போட்டுப் பாருங்கள். 18.6 வரும். கிட்டத்தட்ட 19, பொட்டாசியம். அப்படியானால் பொட்டாசியம்-40 நிலையானதாக இருக்க வேண்டும், ஆனால் இல்லை. அதில் 19 புரோட்டான், 21 நியூட்ரான், இரண்டுமே ஒற்றைப்படை. ஒவ்வொரு பக்கத்திலும் ஜோடியில்லாமல் ஓர் ஆள். ஜோடி சேர்ந்த கருவுக்குக் கிடைக்கும் தள்ளுபடி இதற்குக் கிடையாது, அபராதம்தான் விழும். நிறை எண் 40-இல் இரண்டுக்கும் இடையே 3 எம்இவி-க்கு மேல் வித்தியாசம். அதனால் பள்ளத்தின் அடியில் இருக்க வேண்டிய பொட்டாசியம் நடுவில் ஒரு மேடாகிவிட்டது. இடப்பக்கம் ஆர்கான்-40, வலப்பக்கம் கால்சியம்-40, இரண்டும் தாழ்வு. கால்சியம் பக்கம் 1.31 எம்இவி இறக்கம், ஆர்கான் பக்கம் 1.50. நூற்றுக்கு 89 தடவை பீட்டா விட்டுக் கால்சியமாகிறது, 11 தடவை எலக்ட்ரானை இழுத்து ஆர்கானாகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய ஒரு சதவீதம் ஆர்கான், அதில் பெரும்பகுதி இப்படிப் பாறைகளுக்குள் பொட்டாசியம் மாறி வந்தது.

இதே இரட்டைச் சரிவு உங்கள் ஊர்ப் பக்கம் தொழிலிலும் இருக்கிறது. மணலியிலும் எண்ணூரிலும் குழாய் வெல்டிங்கைப் படம் பிடித்துச் சோதிக்க இரிடியம்-192 பயன்படும். 77 புரோட்டான், 115 நியூட்ரான், மறுபடியும் இரட்டை ஒற்றை. சூத்திரம் 77.4 என்று காட்டும், அதாவது சரியாக மேட்டின் உச்சி. 95 சதவீதம் பிளாட்டினம்-192 பக்கம் சரிகிறது, மீதி ஆஸ்மியம்-192 பக்கம். அரை ஆயுள் 74 நாள், நாளுக்கு ஒரு சதவீதம் குறையக் கொஞ்சம் கம்மி. புது மூலத்தில் (கதிர்வீச்சு தரும் துண்டு) 10 நிமிடம் பிடித்த படத்துக்கு 74 நாள் கழித்து 20 நிமிடம், 148 நாள் கழித்து 40 நிமிடம் தேவை. தேதிக்குத் தகுந்த சிதைவு அட்டவணையைப் பார்க்காமல் பழைய நேரத்தையே வைத்தால் ஃபிலிம் வெளிறிப்போய், வெல்டில் குறை இருந்தாலும் தெரியாது. படம் எடுக்கிற வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு அது.

டெக்னீசியத்துக்கு ஏன் நிலையான ஐசோடோப்பே இல்லை என்ற பிரபலமான கேள்விக்கும் விடை இதிலேயே கிடக்கிறது. பக்கத்துப் பக்கத்து அணு எண்ணில், ஒரே நிறை எண்ணில், இரண்டு கருக்கள் நிலையாக இருக்க முடியாது. ஒன்று உயரமாக இருந்தால் மற்றதுக்கு இறங்கிவிடும். டெக்னீசியம் 43. 42-இல் மாலிப்டினமும் 44-இல் ருத்தீனியமும் அந்தப் பகுதி நிறை எண்களில் எல்லா இடத்திலும் துண்டு போட்டு வைத்துவிட்டன. 97 மாலிப்டினத்துக்கு, 99 ருத்தீனியத்துக்கு, 98 இருவருக்கும். சூத்திரத்தில் 99-ஐப் போட்டால் 43.0 என்று டெக்னீசியத்தையே காட்டும், அதுதான் வேடிக்கை. உண்மையில் ருத்தீனியம்-99 வெறும் 0.29 எம்இவி தாழ்வு, அதனால் டெக்னீசியம்-99 தோற்றுப்போகிறது. இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் வருட அரை ஆயுளோடு தோற்கிறது, ஆனாலும் தோல்விதான். இந்தச் சூத்திரம் எல்லைக்கோட்டு வழக்குகளில் தீர்ப்புச் சொல்லாது. அங்கே அளந்த நிறை அட்டவணை மட்டுமே செல்லும்.

இதுவரை சொன்னது எதுவும் "எவ்வளவு நாளில்" என்ற கேள்விக்குப் பதில் இல்லை. இறக்கம் இருக்கிறதா என்பதை நிறை சொல்லும். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை வழி சொல்லும். பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். பொட்டாசியம்-40-க்கு 1.3 எம்இவி இறக்கம் இருந்தும் அரை ஆயுள் 125 கோடி ஆண்டு. காரணம் தற்சுழற்சி: பொட்டாசியம்-40-க்கு 4, கால்சியம்-40-க்கு 0. வெளியேறும் எலக்ட்ரானும், கூடவே வரும் நியூட்ரினோ என்ற மின்னூட்டமற்ற துகளும் சேர்ந்து அந்த நான்கு அலகையும் சுமந்துபோக வேண்டும். அத்தனை இலகுவான துகள்களுக்கு அது பெரும் பாரம், அதனால் ஆயிரத்தில் லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்று சொல்வதுகூட மிகை. கார்பன்-14-இன் கதை வேறு. அதில் தற்சுழற்சித் தடையே இல்லை, சாதாரணமாகச் சில நாட்களிலோ வாரங்களிலோ முடிந்திருக்க வேண்டிய சிதைவு. தாய்க் கருவையும் பிள்ளைக் கருவையும் இணைக்கும் கணக்கில் கூட்டலும் கழித்தலும் தற்செயலாக ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் 5,730 ஆண்டு நீள்கிறது. அந்தத் தற்செயல் இல்லையென்றால் கீழடியில் கிடைத்த கரித்துண்டுக்குக் காலம் கணித்திருக்கவே முடியாது. 2,600 ஆண்டுப் பழைய கரியில் இன்னும் 73 சதவீதக் கார்பன்-14 மிச்சம் இருக்கும், அளக்க வசதியான அளவு.

ஆல்ஃபா சிதைவில் வழி என்பது ஒரு சுவர். 1928-இல் ஜார்ஜ் காமோவும், அதே ஆண்டு தனியாக கர்னி, காண்டன் இருவரும் சொன்னது இது: ஆல்ஃபா துகள், அதாவது ஹீலியம்-4 கரு, சுவரின் மேலே ஏறிக் குதிப்பதில்லை, குவாண்டம் விதிப்படி ஊடுருவி வெளியே வருகிறது. ஆற்றல் கொஞ்சம் கூடினாலும் எதிரில் இருக்கும் சுவரின் தடிமன் குறையும், ஊடுருவும் வாய்ப்பு அடுக்குக்குறி வேகத்தில் ஏறும். தோரியம்-232-இன் ஆல்ஃபாவுக்கு 4.0 எம்இவி, அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. அதே தோரியத் தொடரின் கடைசியில் வரும் பொலோனியம்-212-க்கு 8.8 எம்இவி, அரை ஆயுள் 0.3 மைக்ரோவிநாடி. ஆற்றல் இரண்டு மடங்கு கூடியதற்கு ஆயுள் 10²⁴ மடங்கு குறைந்திருக்கிறது. இயற்பியலில் இவ்வளவு செங்குத்தான உறவு அபூர்வம். இன்னொரு சிறு செய்தி: ஆல்ஃபா இரண்டு புரோட்டானையும் இரண்டு நியூட்ரானையும் சமமாகக் கொண்டுபோவதால் மிச்சக் கருவில் நியூட்ரான் விகிதம் ஏறும். அதைச் சரிக்கட்டத்தான் யுரேனியம்-238 ஈயம்-206 ஆகும் வழியில் 8 ஆல்ஃபாவுக்கு நடுநடுவே 6 பீட்டா வருகிறது.

அரை ஆயுள் என்றால் அணுவுக்கு வயது ஏறுகிறது என்று எண்ண வேண்டாம். பத்தாயிரம் ஆண்டு இருந்த கார்பன்-14 அணுவுக்கும் நேற்று வளிமண்டலத்தில் பிறந்த அணுவுக்கும் அடுத்த விநாடி சிதையும் வாய்ப்பு ஒன்றேதான்.

இப்போது வீட்டில் அளப்பது. இரண்டு வகை உண்டு. காத்திருந்து அளப்பது ஒன்று, எண்ணி அளப்பது இன்னொன்று. பொட்டாசியம்-40-க்குக் காத்திருக்க முடியாது, எண்ணத்தான் முடியும். இயற்கைப் பொட்டாசியத்தில் 0.0117 சதவீதம் பொட்டாசியம்-40. ஒரு கிராமில் 1.8 × 10¹⁸ அணுக்கள் வரும், விநாடிக்குச் சுமார் 31 சிதைவு. உரக்கடையில் கிடைக்கும் பொட்டாஷில் எடையில் பாதி பொட்டாசியம், ஆகவே ஒரு கிலோவில் விநாடிக்கு 15,000-க்கு மேல். (பொட்டாஷும் வாழைப்பழமும் ஏற்றிய கன்டெய்னர்கள் துறைமுகக் கதிர்வீச்சுக் கம்பங்களில் அலாரம் அடிக்க வைப்பது உலகம் முழுக்க நடக்கும் சங்கதி.) அணுக்களின் எண்ணிக்கையை 0.693-ஆல் பெருக்கி, விநாடிக்கான சிதைவால் வகுத்தால் அரை ஆயுள் விநாடிகளில் கிடைக்கும். சிக்கல் ஒன்றுதான்: உங்கள் கவுண்ட்டர் நூறில் எத்தனை சிதைவைப் பிடிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் அளவு தெரிந்த மூலம் வைத்துத் திறனைக் கணித்துக்கொண்டால் ஒழிய, கிடைப்பது ஊகம்.

காத்திருந்து அளக்க ரேடானின் வாரிசுகள் நல்லவை. மண்ணிலும் சுவரிலும் இருக்கும் யுரேனியத்திலிருந்து ரேடான்-222 வாயு கசிகிறது. அது சிதைந்து பொலோனியம்-218, ஈயம்-214, பிஸ்மத்-214 என்று போகும். இவை வாயு அல்ல, உலோக அணுக்கள், காற்றிலுள்ள தூசியில் ஒட்டிக்கொள்ளும். தூசியைப் பிடித்தால் இவற்றைப் பிடித்துவிடலாம். மூலம் வாங்க வேண்டியதில்லை, உரிமமும் தேவையில்லை.

வேண்டியவை: பீட்டா, காமாவைப் பிடிக்கும் கைகர் கவுண்ட்டர் (மலிவான கண்ணாடிக் குழாய் போதும், அது ஆல்ஃபாவைப் பார்க்காது, இங்கே அது நல்லதே), ஒரு வாக்குவம் கிளீனர், மெல்லிய டிஷ்யூ, ரப்பர் பேண்ட், பாலிதீன் தாள். தரைத்தள அறை ஒன்றை இரவு முழுக்கச் சாத்தி வையுங்கள். மாடி அறையில் ரேடான் குறைவு. வடசென்னையில் பகலில் செய்வது வீண்: கடலிலிருந்து வரும் காற்றில் ரேடான் மிகக் குறைவு, காசிமேடு, ராயபுரம் பக்கம் ஜன்னலைத் திறந்தால் சேர்ந்ததெல்லாம் போய்விடும். விடியற்காலை, காற்று அசையாத நேரம்தான் தோது. இணையத்தில் பலூனைத் தலைமுடியில் தேய்த்து மாட்டிவைக்கும் முறை கிடைக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் மின்னூட்டம் தங்காது, நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முதலில் கவுண்ட்டர் குழாயைப் பாலிதீனில் சுற்றுங்கள், தூசி குழாயில் ஒட்டிக்கொண்டால் பின்னணி கெட்டுவிடும். எந்த இடத்தில் எண்ணப் போகிறீர்களோ அதே மேசையில் 30 நிமிடம் பின்னணியை எண்ணுங்கள். கிரானைட் மேடையில் பின்னணி எடுத்து மர மேசையில் மாதிரியை எண்ணினால் கழித்தல் தப்பாகும். பிறகு குழல்வாயில் டிஷ்யூவை ரப்பர் பேண்டால் கட்டி 30 நிமிடம் ஓட விடுங்கள். தடித்த துணி வைத்தால் காற்று திணறி மோட்டார் சூடேறும், சத்தம் கீச்சென்று ஏறினால் அதுதான் அறிகுறி, உடனே நிறுத்துங்கள். முடிந்ததும் டிஷ்யூவைக் குழாயின் அளவுக்கு மடித்து, ஒட்டி வைத்து, கடைசி வரை நகர்த்தாமல் ஐந்து ஐந்து நிமிடமாக இரண்டு மணி நேரம் எண்ணுங்கள்.

பின்னணி நிமிடத்துக்கு 25 என்று வையுங்கள். 30 நிமிடத்தில் 750, அதன் வர்க்கமூலம் 27, ஆக நிமிடத்துக்கு 25-இல் பிழை 0.9. மாதிரி முதல் ஐந்து நிமிடத்தில் 300 காட்டினால் நிமிடத்துக்கு 60, பிழை 3.5. கழித்தால் 35, பிழை 3.6, பத்து சதவீதம். பரவாயில்லை. மூன்று அரை ஆயுள் கழித்து நிகரம் 4.4-க்கு இறங்கும்போது பிழை 2.6 ஆக நிற்கும், பாதிக்கு மேல்! நிகர எண்ணிக்கையின் மடக்கையை நேரத்துக்கு எதிரே வரைந்த படத்தில் கடைசிப் புள்ளிகள் தறிகெட்டு ஆடுவது இதனால்தான். எல்லாப் புள்ளிக்கும் சம மதிப்புக் கொடுத்துக் கோடு போட்டால் அந்த ஆட்டம் உங்கள் விடையைத் தூக்கிப் போட்டுவிடும். கடைசிப் பகுதியில் ஐந்து நிமிடத்துக்குப் பதில் இருபது நிமிடமாகச் சேர்த்து எண்ணுவது எளிய மருந்து.

கோட்டின் சரிவு அரை ஆயுளை 30 முதல் 40 நிமிடம் என்று காட்டும். புத்தகத்தைத் திறந்து பார்த்தால் ஈயம்-214-க்கு 27 நிமிடம், பிஸ்மத்-214-க்கு 20 நிமிடம், உங்கள் எண்ணோ இரண்டையும் தாண்டி நிற்கும். கவுண்ட்டர் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். பிஸ்மத் சிதையச் சிதைய ஈயம் அதை நிரப்பிக்கொண்டே இருக்கிறது. ஓட்டைக் குடத்தில் மேலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தால் மட்டம் மெதுவாகத்தானே இறங்கும்? தொடர் சிதைவின் சமன்பாட்டைப் போட்டுப் பொருத்தினால் 27-உம் 20-உம் வெளியே வரும், இரண்டாம் ஆண்டுக் கணிதமே போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வாக்குவமும் வேண்டாம். மேகத்திலிருக்கும் இதே வாரிசுகளை மழை கழுவிக்கொண்டு வருகிறது. மழை விட்ட உடனே பைக் டேங்க்கைத் துடைத்த டிஷ்யூவை எண்ணினால் அதே அரைமணிக் கணக்கு வரும். அரை மணி தாமதித்தால் பாதி போயிருக்கும். மழை பெய்துகொண்டிருக்கும்போது பின்னணி எடுக்காதீர்கள், அதுவும் ஏறியிருக்கும்.

மூலம் வேண்டும் என்று காயலான் கடைப் பக்கம் மட்டும் போகாதீர்கள். 2010-இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 மூலம் ஒன்று என்னவென்று தெரியாமல் உடைக்கப்பட்டு, ஓர் உயிர் போனது, பலருக்குப் புண்ணாகியது. மூவிதழ்க் குறி உள்ள கனத்த ஈயப் பானை, கம்பி நுனியில் பளபளக்கும் விரல்நுனி அளவுச் சிறு உருளை, இவை கண்ணில் பட்டால் கையில் எடுக்காமல் தள்ளி நின்று காவல்துறைக்கோ அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கோ சொல்ல வேண்டும். எண்ணூர்ச் சாம்பலைப் பற்றியும் கேள்வி வரும்: நிலக்கரியில் உள்ள சொற்ப யுரேனியமும் தோரியமும், கரி எரிந்து போனபின் சாம்பலில் இரண்டு மூன்று மடங்கு செறிவாகும், உண்மைதான். ஆனால் அங்கே நுரையீரலுக்குப் பகை முதலில் அந்த நுண்தூசியும் கன உலோகங்களும்தான். கவுண்ட்டரைச் சாம்பலுக்குப் பக்கத்தில் வைத்து முள் துடிக்கவில்லை என்பதற்காகச் சாம்பல் நல்லது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அளந்து முடித்த டிஷ்யூவைத் தூக்கி எறியாமல் நான்கைந்து மணி நேரம் கழித்து இன்னொரு முறை அரைமணி நேரம் எண்ணிப் பாருங்கள். ரேடான்-222-இன் வாரிசுகள் அதற்குள் தீர்ந்திருக்கும், ஆனாலும் எண்ணிக்கை பின்னணியைவிட ஒரு துளி தூக்கலாக நிற்கலாம். அது சுவரிலும் மண்ணிலும் உள்ள தோரியத்தின் பங்கு: ஈயம்-212, அரை ஆயுள் 10.6 மணி. அது பிஸ்மத்-212 ஆகி, அதில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் மேலே சொன்ன பொலோனியம்-212 ஆகி, 0.3 மைக்ரோவிநாடியில் சாதாரண ஈயம்-208 ஆக உட்கார்ந்துவிடும்.